ஜன்னலோர ஆமைக்கு வெயில் போய்ச் சேருகிறதா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வளரும் ஆமைக்கு அதன் முழுப்பலன் கிடைப்பதில்லை.

வெயிலிலுள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும்; இந்தக் கதிரைத் தடுத்துவிடும். வீட்டு டியூப்லைட்டாலும் பயனில்லை. நாளடைவில் ஓடு மெத்தென்று ஆகி, கோணிக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

* காலை வெயிலில் விடுங்கள். ஒதுங்க நிழல் இருக்கணும். கண்ணாடித் தொட்டியோடு வைத்தால் சூடேறிச் செத்துவிடும்.
* யுவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும். நிறுவனம் சொல்லும் காலத்தில் மாற்றுங்கள்.
* 'சத்துதானே' என்று சொட்டு மருந்தை அள்ளி ஊற்றாதீர்கள். டி3 மிகுந்தால் சிறுநீரகம் கெடும்; வைட்டமின் ஏ மிகுந்தால் தோல் உரியும். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

முதுகில் நட்சத்திரக் கோலம் உள்ள ஆமையா? அப்படியென்றால் விளக்கு வாங்கவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதே குற்றம். நீங்களாகக் காட்டில் விடாமல், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.