தூரத்துப் பறவையைப் பக்கத்தில் கொண்டு வருவது எப்படி?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று மொபைல் போனில் நாரைகளைப் படம் எடுத்திருக்கிறீர்களா? போன் திரையில் அழகாகத் தெரிந்த பறவை, வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளியாக இருக்கும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறும். சென்ற ஆண்டு ஜனவரியில் அப்பாவுடன் சென்று வந்தபோது எனக்கும் இதுதான் நடந்தது. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று குஞ்சுக்கு இரை ஊட்டிய காட்சியை பிரிண்ட் போட்டுத் தரும்படி அப்பா கேட்டார். தர முடியவில்லை. காரணத்தைத் தேடியபோது தெரிந்து கொண்டவற்றை இங்கே தருகிறேன். புதிய கேமராவோ லென்ஸோ வாங்கும் முன் படித்துவிடுங்கள், பணம் மிச்சமாகலாம்.

இரண்டு வகை ஜூம்

லென்ஸில் உள்ள கண்ணாடிகள் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம். இதில் உண்மையிலேயே கூடுதல் விவரம் கிடைக்கிறது. எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, அதைப் பெரிதாக்கிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். இதில் புதிய விவரம் எதுவும் சேர்வதில்லை.

ஒரு சிறு கணக்கு போடலாம். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அது 60 மீட்டர் தூரத்தில் உள்ள மரத்தில் நிற்கிறது. போனின் முக்கிய கேமரா பெரும்பாலும் 26 எம்.எம். அளவை ஒட்டியது. அந்தத் தூரத்தில் அதன் படத்திற்குள் சுமார் 55 மீட்டர் உயரமுள்ள காட்சி அடங்கிவிடும். 12 மெகாபிக்ஸல் படத்தின் உயரம் 3000 பிக்ஸல்கள். அப்படியானால் நாரைக்குக் கிடைப்பது சுமார் 55 பிக்ஸல்கள்தான். பத்து மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தாலும் அதே 55தான்.

மாறாக, ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட 24 மெகாபிக்ஸல் கேமராவில் 300 எம்.எம். லென்ஸ் பொருத்தினால், அதே நாரைக்கு சுமார் 1,280 பிக்ஸல்கள் கிடைக்கும். வேறுபாடு இப்போது புரிகிறதல்லவா?

கூடுதல் தூரத்திற்கு என்ன வழி?

1. சிறிய சென்சார்: ஏபிஎஸ்-சி கேமராவில் 300 எம்.எம். லென்ஸ், 450 எம்.எம். லென்ஸ் போலக் காட்சி தரும் (கேனானில் 480). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 600. பயணத்தில் சுமை குறைய வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

2. சூப்பர் ஜூம் கேமரா: லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. நிகான் 2018ல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி1000 கேமராவில் ஆப்டிகல் ஜூம் 125 மடங்கு. அதாவது 3000 எம்.எம். வரை. எடை சுமார் 1.4 கிலோ. ஆனால் சென்சார் மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

3. டெலிகன்வெர்ட்டர்: கேமராவிற்கும் லென்ஸிற்கும் இடையே பொருத்துவது. 1.4 மடங்கு வகை வெளிச்சத்தைப் பாதியாக்கும். 2 மடங்கு வகை நான்கில் ஒன்றாக்கும். எஃப் 5.6 லென்ஸ், முறையே எஃப் 8, எஃப் 11 ஆகிவிடும். பழைய கேமராக்கள் பல இந்த நிலையில் தானாக ஃபோகஸ் செய்யாது. எல்லா லென்ஸிலும் இது பொருந்தவும் செய்யாது. வாங்கும் முன் உங்கள் லென்ஸிற்குப் பொருந்துமா என்று சரிபார்த்திடுங்கள்.

4. பைனாகுலர்: பைனாகுலரின் கண் வைக்கும் பகுதியில் போன் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்கலாம். 8 மடங்கு பைனாகுலருடன் 26 எம்.எம். போன் சேர்ந்தால் 208 எம்.எம். போனில் கிளிப் போல மாட்டும் மலிவான லென்ஸ்களில் ஓரங்கள் மங்கலாகத் தெரிவதுண்டு. அதற்குத் தரும் பணத்தை பைனாகுலருக்குச் சேர்த்து வைக்கலாம். படம் எடுக்காத நேரத்திலும் உதவும்.

ஜூம் மட்டும் போதாது

ஜூம் கூடும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 450 எம்.எம். என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 வினாடி இருக்கட்டும். பறக்கும் பறவைக்கு 1/1000க்கு மேல் தேவை. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி நிரப்பி, சுவர் மீது வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் நடுக்கம் பெருமளவு குறையும். காலையிலேயே சென்றுவிடுங்கள். வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலையாடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். பறவை பறக்கட்டும் என்று கை தட்டுவதோ, கூட்டை நெருங்குவதோ வேண்டாம். பெற்றோர் பறந்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.

கம்ப்யூட்டரில் கிராப் செய்திட

டிஜிட்டல் ஜூம் செய்வதை வீட்டில் நீங்களே நிதானமாகச் செய்யலாம். எனவே கேமராவில் அதனை நிறுத்தி வைத்திடுங்கள். இர்ஃபான்வியூ புரோகிராம் வீட்டுப் பயன்பாட்டிற்கு இலவசம். படத்தைத் திறந்து, தேவையான பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + ஒய் அழுத்தவும். பின் பைல் மெனுவில் சேவ் ஆஸ் தேர்ந்தெடுத்து, வேறு பெயரில் சேவ் செய்திடவும்.

எவ்வளவு வெட்டலாம்? 24 மெகாபிக்ஸல் படம் 6000 x 4000 பிக்ஸல்கள். நீள அகலத்தைப் பாதியாக்கினால் 3000 x 2000. நல்ல தரத்திற்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் எனக் கொண்டால் 10 அங்குல அகல பிரிண்ட் போடலாம். கால் பங்காக்கினால் 5 அங்குலம்தான்.

வேறு பெயரில் சேவ் செய்யுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டு நண்பரின் கேமராவை இரவல் வாங்கி மீண்டும் சென்றோம். நாரையும் குஞ்சும் தெளிவாக விழுந்தன. ஆசையில் இரண்டு தலைகள் மட்டும் தெரியும்படி வெட்டி, அதே பெயரில் சேவ் செய்துவிட்டேன். மெமரி கார்டையும் பார்மட் செய்தாகிவிட்டது. அப்பா பார்த்துவிட்டு, "கூடும் மரமும் சேர்ந்து பெரிதாக வேண்டுமே" என்றார். ஒரிஜினல் இல்லை. இப்போது அவர் மேஜையில் இருப்பது 5 அங்குலப் படம்.

எனவே படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் முதல் வேலையாக அந்த போல்டரை அப்படியே காப்பி செய்து வேறு டிஸ்க்கில் வைத்திடுங்கள். கிராப் செய்வதை அதன் பிறகு வைத்துக் கொள்ளலாம்.