முகத்திற்கு எந்த மெழுகு?

அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன், முகத்து உரோமத்தை நீக்கும் மெழுகைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே சற்று வியப்புத்தான். எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்று என்னை இப்பொருளைக் கற்கச் செய்தது. கல்லூரியில் முதலாண்டு படித்துவந்த என் பேத்தி, உறவினர் திருமணத்திற்கு முதல் நாள், மேலுதட்டின் மேலிருந்த மெல்லிய உரோமத்தை நீக்கிக்கொள்ள ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றாள். மெழுகைத் தடவித் துணியை ஒட்டி இழுத்தார்கள். உரோமத்தோடு தோலும் உரிந்து வந்துவிட்டது. மறுநாள் எல்லாரும் திருமணத்திற்குச் செல்ல, அவள் மட்டும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். புண் ஆறிய இடத்தில் படிந்த கருமை மறையப் பல மாதங்கள் ஆயின.

மருத்துவர் அவளைப் பார்த்ததும் மெழுகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "முகப்பருவுக்கு ஏதேனும் மருந்து பூசுகிறாயா, அம்மா?" என்றுதான் கேட்டார். பூசிக்கொண்டிருந்தாள். அதை அந்த நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்பது அவளுக்கும் தெரியவில்லை. மெழுகைத் தேர்ந்தெடுப்பது மெழுகிலிருந்து தொடங்குவதன்று, தோலிலிருந்து தொடங்குவது என்பதை அன்று நான் அறிந்துகொண்டேன்.

முதலில் உரோமத்தைப் பற்றிச் சிறிது. ஆணாயினும் பெண்ணாயினும் முகத்தில் மெல்லிய உரோமம் இருப்பது இயற்கை. பூப்பெய்தும் பருவத்தில் உடலில் சுரக்கும் சில இயக்குநீர்களால் அது சிலர்க்குச் சற்று அடர்ந்து கறுக்கும். இதில் நோயும் இல்லை, நாணுவதற்கும் ஒன்றுமில்லை. விரும்பாதவர் நீக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மோவாயில் தடித்த உரோமம் திடீரென மிகுந்து, மாதவிடாயும் ஒழுங்கு தவறுமாயின், அப்பெண் செல்ல வேண்டிய இடம் அழகு நிலையம் அன்று, மருத்துவமனை. மழித்தால் உரோமம் தடித்து வளரும் என்று நம் பாட்டிமார் சொல்வர். 1928ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர், மழித்த உரோமத்தை ஆராய்ந்து அது உண்மையன்று எனக் காட்டினார். மழித்த உரோமத்தின் நுனி மழுங்கியிருப்பதால் தடவும்போது முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மெழுகு உரோமத்தை வேரோடு பிடுங்குவதால், மீண்டும் முளைத்து வெளிவர மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும்.

இனி மெழுகுக்கு வருவோம். கடைகளில் 'சாஃப்ட் வாக்ஸ்' எனப்படுவது பசை மெழுகு. பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசின் பெரும்பாலும் இதில் சேரும். இதை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் துணிப்பட்டையை ஒட்டி வெடுக்கென இழுப்பர். இது உடலின் வெப்பத்தில் இறுகுவதில்லை, பிசுபிசுத்தே இருக்கும். ஆதலின் உரோமத்தைப் பற்றுவது போலவே தோலின் மேற்பரப்பையும் பற்றும். கை, கால்களின் பரந்த தோலுக்கு இது போதும். முகத்திற்கு, அதிலும் மேலுதட்டிற்கு, இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

'ஹார்ட் வாக்ஸ்' எனப்படும் கெட்டி மெழுகு வேறு வகை. இதைத் தடிப்பாகத் தடவ வேண்டும். ஆறும்போது அது உரோமத்தைச் சுற்றி இறுகி, வளையும் தகடு போல் ஆகிறது. துணி வேண்டியதில்லை, ஓரத்தைப் பிடித்து அதையே இழுக்கலாம். தோலைக் குறைவாகவும் உரோமத்தை உறுதியாகவும் பற்றுவது இதன் சிறப்பு. நலமான தோலுடையவர் முகத்திற்கு மெழுகு வேண்டுமென்றால், இதுவே ஏற்றது என்பது என் முடிவு.

ஆனால் கெட்டி மெழுகிலும் ஓர் இடர் உண்டு, அது வெப்பம். தேன்மெழுகு உருகுவதற்கே 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். தோலோ 60 டிகிரி வெப்பத்தில் ஐந்தே நொடிகளில் வெந்துவிடும். ஆகவேதான் குறைந்த வெப்பத்தில் இளகும்படி கூட்டுப்பொருள் சேர்த்து முக மெழுகைச் செய்கிறார்கள். வீட்டில் விளக்கு மெழுகையோ தேன்மெழுகையோ உருக்கி முகத்தில் தடவிப் பார்ப்பது பேதைமை. வாங்கிய மெழுகாயினும், வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கலத்தில் இளக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்த பின்னரே முகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். தடவிய குச்சியை மீண்டும் கலத்தில் தோய்ப்பதைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவர் தோலின் கிருமி மற்றவர்க்குச் செல்லும் வழி அது.

மூன்றாவது வகை மெழுகே அன்று, சர்க்கரைப் பாகு. மேற்காசிய நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை இது. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர் ஆகிய மூன்றே பொருள்கள். எலுமிச்சை ஏன் என்று வேதியியல் மாணவரைக் கேட்டால் சொல்வார்: அதிலுள்ள அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கிறது, அதனால் பாகு மணல்போல் உறையாமல் குழைவாக நிற்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பாகு காய்ச்சும்போது ஓரிரு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதற்காகவே. உடல் வெப்பத்திற்கு ஆறிய பின் தடவலாம். நீரால் கழுவினால் போய்விடும். ரோசின் ஒவ்வாதவர்க்கும் ஏற்றது. ஆனால் கொதிக்கும் பாகின் வெப்பம் நீரின் கொதிநிலையை மிஞ்சி 120 டிகிரியை எட்டும். பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். முழுதும் ஆறுவதற்குப் பொறுமையற்றவர் அதன் அருகே போகவேண்டாம். சூடுபடுத்தாமலே ஒட்டும் ஆயத்தப் பட்டைகளும் விற்கின்றன. அவற்றால் தீப்புண் வராது. எனினும் தோலைப் பற்றுவதில் அவை பசை மெழுகின் உடன்பிறப்பே.

எந்த மெழுகும் கூடாதவர் யார்? முகப்பருவுக்கு டிரெட்டினாயின், அடாப்பலீன் போன்ற மருந்துகளைப் பூசுவோர் முதலில் வருவர். இவை தோலின் மேலடுக்கிலுள்ள உயிரணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. தளர்ந்த அடுக்கை மெழுகு பற்றி இழுத்தால், சுவரின் ஈரச் சுண்ணாம்பு போல அது உரிந்து வருகிறது. என் பேத்திக்கு நேர்ந்தது இதுவே. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்பவர்க்குத் தடை இன்னும் நீண்டது. உண்ணும் காலம் முழுவதும், நிறுத்திய பின் குறைந்தது ஆறு மாதமும் மெழுகு ஆகாது, தழும்பு நிலைத்துவிடக்கூடும். உதட்டில் அக்கிக் கொப்புளம், வெயிலில் வெந்த தோல், ஆறாத பரு ஆகியவை உள்ள இடத்திலும், மச்சத்தின் மேலும் மெழுகு படக்கூடாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிறு காயமும் கருமையை விட்டுச்செல்வதால், நாம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்.

தடை ஒன்றும் இல்லாதவர், முழங்கையின் உட்புறத்தில் சிறிது மெழுகை வைத்து எடுத்து ஒரு நாள் பார்க்கலாம். தடிப்போ அரிப்போ தோன்றினால் அந்த மெழுகு ஆகாது. உரோமம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமேனும் இருந்தால்தான் பிடிப்புக் கிடைக்கும். கெட்டி மெழுகை இழுக்கும்போது ஒரு கை தோலை இறுக்கிப் பிடிக்க, மறு கை உரோமம் வளரும் திசைக்கு எதிராக, தோலை ஒட்டியே விரைந்து இழுக்கவேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் தோலும் உடன் எழும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடவாமல், எஞ்சிய ஓரிரண்டைச் சிறு இடுக்கியால் எடுத்துவிடலாம். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். அன்று வெயிலும் வேண்டாம், மணப்பூச்சும் வேண்டாம். விழாவுக்கு முதல் நாள் இவ்வேலையை வைத்துக்கொள்ளாமல், நான்கைந்து நாள் முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது.

பேத்தி இன்னும் பரு மருந்து பூசுகிறாள். மேலுதட்டு உரோமத்தைச் சிறு கத்தரியால் நறுக்கிக்கொள்கிறாள். சில மாதங்களில் அதுவும் செய்வதில்லை. மருந்துக் குழாயோடு வரும் மடித்த தாளை, கண்ணாடி அணிந்துகொண்டு முதலில் படிப்பவன் இப்போது நான்.