பழைய காரும் ஆர்.சி. புத்தகமும்

உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாஸடரோ, ஃபியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நின்றுகொண்டிருக்கக்கூடும். பெற்றோர் ஆசையோடு வாங்கியது; பிள்ளைகளின் நிக்காஹ்வுக்கு மலர்ச்சரம் சுமந்து சென்றது; பிரசவ வலியில் துடித்தவர்களை நள்ளிரவில் மருத்துவமனை சேர்த்தது. அதை இரும்புக் கடைக்கு அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே ஏதாவது மாற்றம் செய்து அதை ஓடவைக்க முயல்கிறோம். எஞ்சினை மாற்றுகிறோம், எரிவாயு பொருத்துகிறோம், அகலமான டயர் போடுகிறோம். பட்டறைக்காரரிடம் ஆலோசனை கேட்கும் நாம், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதே இல்லை. அப்படிக் கேட்காததால் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட சிரமமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நான் மதரஸாவில் பாடம் நடத்துபவன். எஞ்சின் நுட்பம் கற்றவன் அல்லன். இருப்பினும் இதன் பொருட்டுச் சில மாதங்கள் அலைந்ததில் சட்டத்தையும் ஓரளவு படிக்க நேர்ந்தது.

எங்கள் பெரிய மாமா வைத்திருந்தது 1974ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட அம்பாஸடர் மார்க் 2. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்டது. 1991இல், பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று, மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் ஒன்றை அதில் இறக்கினார். அன்று ஊரில் பாதி அம்பாஸடர்கள் அப்படித்தான் ஓடின. டீசலுக்கு மாற்றியதை அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாரும் கூறவில்லை. கூறியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது ஐயமே! ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரகர் ஒருவர் வந்து வண்டியை ஓட்டிச் செல்வார். புதுப்பித்த புத்தகத்தோடு திரும்புவார். எஞ்சின் மூடியை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

மாமா மர்ஹூமாகிவிட்ட பிறகு வண்டி மச்சானிடம் வந்தது. 2024இல் பதிவு முடியும் தறுவாயில், தரகர் வேண்டாம் என்று தாமே ஓட்டிச் சென்றார். துணைக்கு நானும் சென்றேன். ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று நம் மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் இளைஞர். சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தார், பொருந்தியது. பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். சிறிது நேரம் உள்ளே பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

“பாய், புத்தகத்தில் பெட்ரோல் என்றல்லவா இருக்கிறது?” என்றார்.

மச்சானிடம் பதில் இல்லை. தந்தையார் செய்தது என்றார். “அவர் செய்திருக்கலாம். இன்று உரிமையாளர் நீங்கள்தானே?” என்று கூறிப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வண்டி தேறவில்லை. அவர் வழக்குப் பதிவு செய்யாமல் சரிசெய்து வரச்சொல்லி அனுப்பியதே பெரிது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனங்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பற்றியது. தொடக்கத்தில் அப்பிரிவு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற்று மாற்றம் செய்ய இடமளித்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலைக் குறுக்கிவிட்டது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்பதே இன்றைய விதி. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் அமைப்பில் செய்யப்படும் மாறுதலையே ‘மாற்றம்’ என்று சட்டம் விளக்குகிறது.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை நீக்கி, இதை ஐயத்திற்கிடமின்றி உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம் தண்டனையையும் கூட்டிற்று. அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்! எஞ்சின் ஒன்று, சேஸிஸை வெட்டி நீட்டியது ஒன்று, கூரையை அறுத்துத் திறந்த காராக்கியது ஒன்று என்று தனித்தனியே எண்ணப்படும்.

அப்படியானால் எதையும் தொடவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறில்லை. தேய்ந்த உறுப்பை அதே வகை உறுப்பால் மாற்றுவது பழுதுபார்ப்பே. வண்ணத்தை மாற்றினால், அது புத்தகத்தில் எழுதப்பட்ட விவரமாதலால், அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். முன் கூறிய ஒப்புதல் பெறாமல் எஞ்சினை மாற்றிவிட்டவர், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவித்துப் புத்தகத்தில் பதிய வைக்கக் கடமைப்பட்டவர். பழைய சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் முறையாக ஒப்புதல் பெற்றுப் புத்தகத்திலும் ஏற்றிக்கொண்டவர்கள் அந்தப் பழைய பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மாமாவும் 1991இல் ஒரு மனு எழுதியிருந்தால் எங்கள் கதையே வேறாக இருந்திருக்கும்.

எரிபொருளை மாற்றச் சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. மின்கலம், சி.என்.ஜி., எல்.பி.ஜி., சூரிய ஆற்றல் ஆகியவற்றில் ஓடும்படி, அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்பைப் பொருத்தலாம். அந்தத் தொகுப்பு புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐ.சி.ஏ.டி., நமக்கு அருகே ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் ஒன்றில் தேறியதாக இருத்தல் வேண்டும். அது உங்கள் வகை வண்டிக்கென ஒப்புதல் பெற்றதா என்பதையும் முதலில் கேளுங்கள். பெட்ரோல் காரை மின்சாரக் காராக்கும் தொகுப்புகளுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தனித் தரநிலை உண்டு. பொருத்திய பின் புத்தகத்தில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிய வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இதையெல்லாம் விட்டு, அடுப்படிச் சிலிண்டரைக் காரின் பின்பெட்டியில் வைத்து ரப்பர் குழாய் இழுப்பவர்கள், பின்னிருக்கையில் தம் பிள்ளைகளே அமர்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விலக்கும் உண்டு. நம்மில் பலர் அறியாதது. மாற்றுத்திறனாளி ஒருவர் தாம் ஓட்டுவதற்கேற்பக் கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலேட்டர் முதலியவற்றை அமைத்துக்கொள்ளவும், பதிவு அதிகாரியின் பின்னொப்புதலைப் பெற்று அதைத் ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ எனப் பதியவும் அதே 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. உங்கள் உறவில் போலியோவால் காலிழந்த சகோதரர் எவரேனும் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பிரேக்குக்குத் தெரியாது

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? இது எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. மச்சானின் மெக்கானிக் பானெட்டைத் திறந்து விளக்கிய பிறகுதான் புரிந்தது.

வண்டியைச் செய்தவர்கள் எஞ்சினின் எடை, வேகம், பிரேக், ஸ்பிரிங் என ஒவ்வொன்றையும் மற்றொன்றுக்கு ஏற்பவே அமைத்தார்கள். அந்தக் கால அம்பாஸடருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். காலால் மிதிக்கும் விசைக்கு வேறு துணை கிடையாது. முன்பகுதி டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியின் மீது நிற்கிறது. கனமான டீசல் எஞ்சினை இறக்கினால் முன்பகுதி தாழும், முகப்பு விளக்கின் ஒளி விழ வேண்டிய இடத்தில் விழாது, ஸ்டியரிங் கனக்கும். வேகமான எஞ்சினைப் போட்டாலோ ஆபத்து வேறு வகை. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. “எஞ்சின் புதுசு. ஆனா அது பிரேக்குக்குத் தெரியாதே” என்றார் அந்த மெக்கானிக். ஆய்வாளர் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹார்ன், வைப்பர், டயர், கண்ணாடி, புகை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதன் பொருள் இதுதான். அவர் நமக்காக மட்டும் பார்ப்பதில்லை. எதிரே சைக்கிளில் வரும், நாம் பெயர் அறியாத ஒருவருக்காகவும் பார்க்கிறார்.

காப்பீட்டு நிறுவனம் பாலிசி தருவது புத்தகத்தில் உள்ள வண்டிக்குத்தான். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி, நம் வண்டிக்கான இழப்பீட்டை அது மறுக்க இயலும். பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டது நிரூபணமான வழக்குகளில், அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. ஒரு மலிவான டீசல் எஞ்சினுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் நிலை வரலாம்.

ஐம்பது வயதான வண்டிகள்

மச்சானுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ எனப் பதியலாம். புதிதாகப் பதிபவற்றின் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் இடம்பெறும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த வண்டியில் கடைவீதிக்கோ அலுவலகத்துக்கோ அன்றாடம் சென்றுவர முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கே சாலையில் இறக்கலாம். நிக்காஹ் வீட்டுக்கு வாடகைக்கு விடுவதற்கும் வழியில்லை.

1974 வண்டிக்கு 2024இல் ஐம்பது நிறைந்தது. ஆயினும் விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாமல், வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். மாமாவின் கார் எத்தனையோ ஆண்டுகள் டீசல் எஞ்சினோடு ஓடியது. அதன் மூல எஞ்சின் 1991லேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய கெடுபிடி இது என்று எண்ணிவிட வேண்டாம். பழைய கார்களைப் போற்றுவதில் பெயர்பெற்ற பிரிட்டனில், 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் சேஸிஸ், அச்சு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்ட கார் அந்த விலக்கைப் பெறாது. அதே சிலிண்டர் எண்ணிக்கையுள்ள மாற்று எஞ்சினை ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு எட்டு சிலிண்டரை வைத்தால் பொறுப்பதில்லை.

மச்சான் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். விசாரித்து விசாரித்து, நொறுங்கிய பழைய அம்பாஸடர் ஒன்றிலிருந்து அதே 1489 சி.சி. வகை எஞ்சினைத் தேடிப் பிடித்தார். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான சான்றையும் ரசீதையும் கேட்டு வாங்கிய பிறகே பணத்தைக் கொடுத்தார். பட்டறையில் எஞ்சினை இறக்கி, டார்ஷன் பாரைச் சீராக்கி, பிரேக் லைனர், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் புதிதாக மாற்றினார்கள். எஞ்சின் எண் முறைப்படி புத்தகத்தில் ஏறியது. 25ஆம் எண் படிவத்தில் மனுச் செய்து, அன்றிருந்த 5,000 ரூபாயைக் கட்டி, அதே இளைஞரிடம் மீண்டும் கொண்டு நிறுத்தினார். ஐந்தாண்டுக்குப் பதிவு கிடைத்தது. இருபதாண்டைக் கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது; செலவைக் கணக்கிடுபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலாவதியாவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

விண்டேஜ் பதிவுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. நண்பர்கள் சிலர், “இப்போது பெட்ரோல் எஞ்சின்தானே இருக்கிறது? யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார்கள். மூல வடிவிலேயே இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

கழற்றிய டீசல் எஞ்சின் சில வாரங்கள் கொட்டகையில் கிடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். எதற்கு என்று மச்சான் கேட்க, தம்மிடமும் ஓர் அம்பாஸடர் இருப்பதாகச் சொன்னார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்க வேண்டும் என்று வந்த விவசாயி ஒருவருக்கு அதே எஞ்சின், முன்னவர் சொன்ன விலையில் பாதிக்குப் போயிற்று.