ஜவ்வாது மலைச் சாமை தட்டுக்கு வராதது ஏன்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் யாராவது ஒருவர் அன்னதானம் போட்டுக்கொண்டிருப்பார். சாம்பார் சாதம், புளியோதரை, தயிர்சாதம் என எல்லாம் அரிசிதான். இதே மாவட்டத்தில், போளூர் தாண்டி ஏறினால் ஜவ்வாது மலை. அங்கே மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக விதைப்பது சாமை என்ற சிறுதானியம். சரிவு நிலம், மானாவாரி. போர்வெல்லும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

உலகம் பயிர்களிலிருந்து பெறும் கலோரியில் பாதிக்கு மேல் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றிலிருந்தே வருகிறது. மூன்றையே நம்பியிருப்பதன் ஆபத்து 2023-இல் தெரிந்தது. அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டதும் உலகச் சந்தையில் விலை எகிறியது. இந்தியா கேட்டு ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டும் அதே 2023தான்! மறு ஆண்டில் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடிப் பேர் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு.

சாமை பரவாததற்கு ருசியைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிக்கல் உமியில் இருக்கிறது. நெல் அரைக்க ஊருக்கு ஊர் ரைஸ்மில் உண்டு. சாமையோ பொடி மணி, உமி கெட்டி. கல்லும் மண்ணும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. மலையில் அதை உரலில் குத்திப் புடைத்தவர்கள் பெண்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். குத்த வேண்டாத அரிசி வீட்டில் இருக்க, உலக்கையை யார் எடுப்பார்கள்? கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு இருப்பதுபோல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் சாமைக்கென்று தனியாக இல்லை. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத்திலேயே சிறு அரவை இயந்திரங்களை வைத்தது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். விதை கொடுப்பதைவிட அதுவே முக்கியமான வேலை என்பேன்.

உமியோடு இருக்கும்வரை சாமை நெடுநாள் கெடாது. பஞ்ச காலத்துக்கு அதுதான் பலம். உமி நீக்கியபின் தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். அதனால்தான் கடைக்கு வருவதைப் பெரும்பாலும் வெள்ளையாகத் தீட்டிவிடுகிறார்கள். தீட்டினால் நார்ச்சத்தும் தவிட்டோடு போகிறது. அரிசியைவிட அதிக விலை கொடுத்து இன்னொரு வெள்ளை அரிசி எதற்கு? மங்கிய நிறமுள்ள, தீட்டாத சாமையைக் கேட்டு, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம்.

திருவண்ணாமலைக் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. கிரிவலத்தில் உபயதாரர்கள் வேறு. அவர்களில் சிலர் பௌர்ணமிக்கு ஒரு அண்டா சாமைப் பொங்கல் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், மலையில் ஒரு அரவை இயந்திரம் ஓடுவதற்கு வேலை கிடைக்கும்.

வீட்டில் தொடங்குபவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். ஆறினால் இறுகும், தயிர்சாதம் என்றால் பால் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.