இருக்கிற எம்.எல்.ஏ. மீண்டும் நிற்பாரா? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்



தேர்தல் நெருங்கினால் கட்டபெட்டு முக்கில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுதான். "இந்தத் தடவை அவருக்குச் சீட்டு உண்டா, இல்லையா?" இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று மற்றவர்கள் விட்டுவிடலாம். நாம் விட முடியாது. ஏனெனில் இந்தக் கேள்விக்குள் நம் கடன் நோட்டும் இருக்கிறது.

நம்மில் சிலருக்கு நேர்ந்ததுதான். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, "அண்ணன்தான் மறுபடியும் நிற்கிறார், கணக்கு எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அரிசி, எண்ணெய், டீத்தூள், சர்க்கரை என்று மூட்டை மூட்டையாகச் சரக்கு போகிறது. பட்டியல் வெளிவரும் நாளில் வேறு பெயர் வருகிறது. பழைய அண்ணனைக் கேட்டால் "நான் வேட்பாளரே இல்லையே" என்கிறார். புது வேட்பாளரைக் கேட்டால் "நான் வாங்கவில்லையே" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். பேரேட்டில் பற்று மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே, பதவியில் இருப்பவர்களில் எத்தனை பேர் மீண்டும் நிற்கமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது என்று பார்ப்போம்.

நம் மாவட்டக் கணக்கு

நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்று தொகுதிகள். 2016 தேர்தலில், அப்போது உறுப்பினர்களாக இருந்த மூவரில் கூடலூர் திராவிடமணி மட்டுமே தம் தொகுதியில் மீண்டும் நின்றார், வெற்றியும் பெற்றார். உதகமண்டலத்திலும் குன்னூரிலும் அந்தந்தக் கட்சிகள் வேறு ஆட்களை நிறுத்தின. 2021-இல் உதகமண்டலம் கணேஷ் மட்டும் மீண்டும் நின்று வென்றார். குன்னூர், கூடலூர் உறுப்பினர்களுக்குப் பதில் புதியவர்கள் நிறுத்தப்பட்டார்கள். இரண்டு தேர்தலையும் சேர்த்தால் ஆறு பேரில் நான்கு பேர் தம் தொகுதியில் மீண்டும் நிற்கவில்லை.

நின்ற இருவரும் வென்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கே பலருக்கு முதல் தேர்வு மக்களிடம் அல்ல, கட்சித் தலைமையிடம் நடக்கிறது.

நிற்காததற்கு வழிகள் பல

முதலாவது, வயது, உடல்நிலை போன்ற காரணங்களால் தாமாக ஒதுங்குவது. நம் நாட்டில் இதைப் பகிரங்கமாக முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு.

இரண்டாவது, கட்சி சீட்டு மறுப்பது. மூன்றாவது, கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி வேறு கட்சிக்குப் போய்விடுவது. இதில் உறுப்பினர் மேல் குறை எதுவும் இல்லாவிட்டாலும் இடம் போகும்.

நான்காவது, தொகுதி மாறுவது. 2006-இல் கூடலூரில் வென்ற கா. ராமச்சந்திரன் 2011-இல் குன்னூரில் நின்று வென்றார். இடையே நடந்த தொகுதிச் சீரமைப்பில் கூடலூர் தனித் தொகுதியாகவும், குன்னூர் பொதுத் தொகுதியாகவும் மாறிவிட்டன. இவரை ஒதுங்கியவர் கணக்கில் சேர்த்தால் நம் கணக்கு தப்பாகும்.

சீட்டு கிடைக்காதவரெல்லாம் ஒதுங்கிவிடுவார் என்றும் எண்ண வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2023-இல் முன்னாள் முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டருக்குப் பா.ஜ.க. சீட்டு மறுத்தது. அவர் காங்கிரசில் சேர்ந்து அதே தொகுதியில் நின்றார், தோற்றார்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் பல மாதம் முன்பே அறிவித்துவிடுவார்கள். 2010 தேர்தலில் 149 பேர் ஒதுங்கினார்கள். முந்தைய ஆண்டுதான் உறுப்பினர்களின் படிச்செலவு ஊழல் வெடித்திருந்தது. 2017-இல் திடீர்த் தேர்தல் வந்தபோது ஒதுங்கியவர்கள் 31 பேரே. முடிவெடுக்க அவகாசம் இல்லை. 2024-இல் 132 பேர். அவகாசம், அவப்பெயர், தோல்வி பயம் ஆகிய மூன்றும் இந்த எண்ணிக்கையை ஏற்றி இறக்குகின்றன.

நமக்கு அவகாசமே கிடையாது. 2021-இல் அ.தி.மு.க. தன் பெரிய பட்டியலை மார்ச் 10 அன்றும், தி.மு.க. மார்ச் 12 அன்றும் வெளியிட்டன. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. நான்கு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மளிகைக்கடைக் கணக்கே போதும்

நாளைக்கு எந்த வாடிக்கையாளர் சர்க்கரை வாங்க வருவார் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதம் எத்தனை மூட்டை போகும் என்று சொல்லிவிடுவோம். இதுவும் அதே கணக்குதான்.

ஒரு கட்சிக்கு 60 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். சீட்டு உறுதி என்று தோன்றுபவர்கள் 40 பேர். இவர்களிலும் பத்தில் ஒருவருக்குப் போகலாம், ஆக 4. சந்தேகமானவர்கள் 14 பேர். பாதிப் பேர் போனால் 7. பெரும்பாலும் போய்விடுவார் என்று தோன்றுபவர்கள் 6 பேர். இவர்களிலும் ஒருவர் தப்பலாம், ஆக 5. மொத்தம் 16. இதைப் "பதினாறு" என்று அடித்துச் சொல்லாமல் "12 முதல் 20 வரை" என்று சொல்வதே யோக்கியமான மதிப்பீடு.

இதில் ஒரு ஆபத்து உண்டு. மண்டியில் விலை விழுந்தால் ஒரு மூட்டைக்கு மட்டும் விழாது, எல்லா மூட்டைக்கும் சேர்ந்தே விழும். அதுபோல "புதுமுகங்கள் வேண்டும்" என்று தலைமை முடிவு செய்துவிட்டால் உறுதி என்று நாம் எழுதியவர்களும் சேர்ந்தே போவார்கள். குஜராத்தில் 2022-இல் பா.ஜ.க. வெளியிட்ட முதல் பட்டியலிலேயே 38 உறுப்பினர்களுக்கு இடம் இல்லை. அந்தக் கட்சி அந்தத் தேர்தலில் 182-இல் 156 இடம் பிடித்தது. பெரிய வெற்றி பெறும் கட்சியிலும் ஆள் மாறும்.

இன்னொன்று, இந்த முறை 234 தொகுதிகளுக்குப் பொருந்தும் அளவு மூன்று தொகுதிகளுக்குப் பொருந்தாது. நம் "ஆறில் நான்கு" ஓர் எச்சரிக்கை மட்டுமே, ஜோசியம் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பட்டியல் வரும் வரை யார் பெயரிலும் தேர்தல் கடன் வேண்டாம். பட்டியல் வந்த பிறகும் அவசரம் வேண்டாம், அறிவித்த வேட்பாளரைக் கட்சிகள் மாற்றுவதும் உண்டு. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்தால்தான் பெயர் உறுதி.

இரண்டாவது, பில் வேட்பாளர் பெயரிலோ அவருடைய தேர்தல் முகவர் பெயரிலோ இருக்கட்டும். வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்கும் செலவுக் கணக்கு, மனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைக்குமானது. அதை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மனுவுக்கு முன்பே பயன்படுத்தித் தீர்ந்த சரக்குக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. "வேட்பாளர் ஆகப்போகிறவர்" பெயரில் எழுதும் கடனுக்கு வாய்ச்சொல்தான் ஆதாரம்.

மூன்றாவது, சங்கத்தின் சார்பில் சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் மனு கொடுக்கும்போது உறுப்பினரிடம் கொடுப்பதோடு நிற்காமல், துறை அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்கி வைப்போம். உறுப்பினர் மாறலாம், அலுவலகக் கோப்பு அங்கேயேதான் இருக்கும்.

பச்சைத் தேயிலைப் பணம் பட்டுவாடா ஆகும் வாரத்தில் நம் தோட்டக்காரர்கள் பழைய பாக்கியைத் தேடி வந்து கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கடன் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. தேர்தல் கடனைக் கட்ட அப்படி ஒரு வாரம் வருவதில்லை. எந்தக் கட்சியையும் நாம் குறை சொல்லவில்லை. எல்லாக் கட்சிக்காரரும் நம் வாடிக்கையாளர்களே. ரொக்கம் கொடுத்து வாங்குகிற வரையில் எல்லோரும் நல்ல வாடிக்கையாளர்களே!