கம்ப்யூட்டருக்கும் காற்று வேண்டும்!
பெட்டிக்குள் சுழலும் விசிறிகளை இணைப்பது எப்படி? அடக்குவது எப்படி?

மனிதனுக்குப் புழுங்கினால் விசிறிக் கொள்கிறான். கம்ப்யூட்டரால் அது முடியாது. நாம்தான் விசிறி வைக்க வேண்டும்!

கம்ப்யூட்டரின் மூளைக்குப் "பிராசசர்" என்று பெயர். அது உண்ணும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. சூடு 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கினால், பல பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிடும். சேமிக்காத கடைக் கணக்கும், பிள்ளை எழுதிய கட்டுரையும் போனதுதான்!

இதைத் தடுப்பவை பெட்டியில் உள்ள விசிறிகள்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எதிர் ஜன்னலையும் திறக்க வேண்டும். பெட்டியும் அப்படித்தான். முன்புற விசிறி காற்றை உள்ளே இழுக்கட்டும். பின்புற விசிறி வெளியே தள்ளட்டும். சூடான காற்று மேலே எழும். ஆகவே மேல்புற விசிறியும் வெளியே தள்ளுவதே நல்லது.

விசிறி எந்தப் பக்கம் ஊதும்? மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமே ஊதும் பக்கம். சில விசிறிகளில் அம்புக்குறியும் உண்டு.

மூன்று ஊசியா? நான்கு ஊசியா?

கம்ப்யூட்டரின் பெரிய பலகைதான் "மதர்போர்டு". விசிறியின் வயரைச் செருக அதில் சிறு ஊசிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் 12 வோல்ட் மின்சாரம் தருபவை. மூன்றாவது, வேகத்தைச் சொல்லும் தூதன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு துடிப்புகளை அனுப்பும். அதை எண்ணித்தான், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மதர்போர்டு கணக்கிடுகிறது.

நான்காவது ஊசி கட்டளை இடுவது. "ஓடு, நில்" என்று விநாடிக்குச் சுமார் 25 ஆயிரம் தடவை சொல்லும்! "ஓடு" என்னும் நேரம் குறைந்தால் வேகமும் குறையும். இவ்வளவு விரைவு எதற்கு? நம் காதுக்கு எட்டாமல் இருக்கத்தான். மெதுவாக இருந்தால் மோட்டார் கீச்சிடும்.

மூன்று ஓட்டை உள்ள விசிறியை நான்கு ஊசியிலும் செருகலாம். நான்காவது ஊசி சும்மா இருக்கும். அப்போது மின் அழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தை அடக்க முடியும்.

இடம் மாறக்கூடாது

"சி.பி.யு. பேன்" என்று எழுதிய இடம் பிராசசரின் விசிறிக்கே உரியது. அது காலியாக இருந்தால், பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பெட்டி விசிறியை "சேசிஸ் பேன்" அல்லது "சிஸ்டம் பேன்" என்று குறித்த இடத்தில் செருகுங்கள்.

இடம் போதவில்லையா? ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு கடையில் கிடைக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள்! பல மதர்போர்டுகளில் ஓர் இடத்துக்கு 1 ஆம்பியர்தான் எல்லை. 0.2 ஆம்பியர் விசிறிகள் நான்கு என்றால் 0.8. தாங்கும். ஆறு என்றால் 1.2. தாங்காது!

வேகத்தை அடக்குவது எப்படி?

கம்ப்யூட்டரைப் போட்டதும் "டெலீட்" அல்லது "எப்-2" பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான மதர்போர்டுகளில் "பயாஸ்" பக்கம் வரும். அதில் விசிறிப் பகுதி உண்டு. நான்கு ஊசி விசிறிக்கு "பி.டபிள்யூ.எம்." என்றும், மூன்று ஊசி விசிறிக்கு "டி.சி." என்றும் வையுங்கள். மூன்று ஊசி விசிறிக்கு "பி.டபிள்யூ.எம்." வைத்தால் அது எப்போதும் முழு வேகத்தில் இரையும்!

சூடு குறைவானால் மெதுவாகவும், ஏற ஏற வேகமாகவும் சுழலும்படி அங்கேயே திட்டம் இடலாம். வேகத்தை மிகவும் குறைத்தால் சில விசிறிகள் கிளம்பாமலே நின்றுவிடும். ஜாக்கிரதை!

விசிறி குளிர்ச்சியை உண்டாக்காது. அறைக் காற்றைத்தான் தள்ளும். அறை 35 டிகிரி என்றால், பெட்டிக்குள் அதற்குக் கீழே இறங்காது. ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

தூசி துடைக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

விசிறி சின்னதுதான். அது நின்றால், பெரிய யந்திரமும் நின்றுவிடும்!