ஏரி நிரம்பினால் பறவைகள் குறைவது ஏன்?

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி முழு உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டது என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிறது. அங்கே எந்தப் பறவை இரை தேட முடியும் என்பதையும் பெருமளவு தீர்மானிப்பது அந்த நீர்மட்டமே. இந்த உறவைக் கருதாமல் கணக்கெடுப்பு எண்களைப் படிப்பவர், பறவைகள் இடம் மாறியதை அவற்றின் அழிவென்று கொள்ள நேரும்.

காலும் ஆழமும்

நீர்ப்பறவை ஒவ்வொன்றும் இரை தேடும் ஆழத்தை அதன் உடலமைப்பே வரையறுக்கிறது. சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றிலும் கணுக்கால் நனையும் நீரிலுமே புழுபூச்சிகளைப் பொறுக்க, நீண்ட சிவந்த கால்களையுடைய நெடுங்கால் உள்ளான் அதைவிடச் சற்று ஆழத்தில் நடந்து இரை கொள்ளும். நத்தைகுத்தி நாரையோ, மூடிய நிலையிலும் நடுவே இடைவெளி தெரியும் தன் அலகால் ஆழமற்ற நீரில் நத்தையைப் பற்றி, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும். நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன் பிடிப்பதாலும், கூழைக்கடா நீந்தியபடியே அலகின் கீழுள்ள பையால் மீனை அள்ளுவதாலும், ஆழமான நீர் இவற்றுக்குத் தடையன்று. ஆகவே ஏரி நிரம்பிச் சேற்று விளிம்பு மறையும்போது நடந்து இரை தேடும் பறவைகள் அண்டையிலுள்ள ஆழமற்ற நீர்நிலைகளுக்குப் பெயர்வது இயல்பு.

எண்ணும் முறைகள்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. வலசை வந்த பறவைகள் குளிர்கால வாழிடங்களில் பெரும்பாலும் நிலைகொண்டிருக்கும் மாதம் அது. பெருங்கூட்டமாயின், அதன் ஒரு பகுதியில் உள்ள பறவைகளை எண்ணி, அதே அளவுள்ள பகுதிகள் எத்தனை என்று கணித்து மொத்தத்தை மதிப்பிடுவர். ஒரே பறவை இரு ஏரிகளில் எண்ணப்படாதிருக்க, பல இடங்களில் ஒரே வேளையில் கணக்கெடுப்பது ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு எனப்படும். பறவை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, காலில் எண் பொறித்த வளையம் மாட்டும் முறை உதவுகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் முன்னெடுப்பில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 1959இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. கோடியக்கரை அந்தக் கழகத்தின் முக்கிய ஆய்வு மையங்களுள் ஒன்றானது.

நாடு தழுவிய போக்கை அறிய வேறொரு முறை கையாளப்படுகிறது. பறவை நோக்குவோர் பதிவு செய்யும் பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்பது ஆண்டுதோறும் ஒப்பிடப்படுகிறது. இவ்வாறு 942 இனங்களை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளதாகக் கண்டறிந்தது; வலசை வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் கடுமையாகக் குறைந்தவற்றுள் அடங்கும்.

தொழில் வழித்தடத்தின் ஏரிகள்

திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு வருவதால், இவை நீரால் இணைந்த ஒரே தொகுதி, பறவைகளுக்கும் அவ்வாறே. பெரிய ஏரி நிரம்பியிருக்கும்போது இரை தருவது சிற்றேரிகளின் ஆழமற்ற விளிம்புகளே என்பதால், ஒரகடம் வரை ஆலைகளும் சாலைகளும் பெருகிவரும் இப்பகுதியில் அவ்விளிம்புகள் மண்ணால் மேடாக்கப்பட்டால், செம்பரம்பாக்கத்தில் நீர் எவ்வளவு இருந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. இத்தொகுதி முழுவதையும் ஒரே நாளில், நீர்மட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, ஆண்டு தவறாமல் கணக்கெடுத்தால்தான் இடப்பெயர்ச்சி எது, உண்மையான வீழ்ச்சி எது என்று பிரித்தறிய முடியும். அவ்வாறு அறிவதற்குள் அவ்விளிம்புகள் மறைந்துவிடாமல் காப்பது, புதிய மனைப்பிரிவுக்கும் ஆலைக்கும் அனுமதி வழங்குவோரின் பொறுப்பாகும்.